ரத்தப் பொரியல் முதல் ஆடிக் கூழ் வரை: சாப்பாடும் பரிசுத்தமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணமாகி மலையிறங்கி சேலத்துக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா வழி கத்தோலிக்கம், அப்பா வழி சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. அதனால் வீட்டில் இரண்டு காலண்டர், இரண்டு விதமான விரதம், ஒரே அடுப்பு. சண்டே ஸ்கூலில் பாடம் எடுப்பதால், ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போதும் கறிக்கடையில் நிற்கும்போதும் யாராவது ஒரு சந்தேகத்தோடு வந்துவிடுவார்கள். அவற்றில் சாப்பாட்டுச் சந்தேகம்தான் அதிகம். திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. நான் ஆயரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. உங்கள் சபைப் போதகர் வேறு மாதிரி சொன்னால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்தவர்களுக்கு ஆகாத சாப்பாடு என்று ஏதாவது இருக்கிறதா?

பெரும்பாலான சபைகளில் கிடையாது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் ஆடு, கோழி, மீன், மாடு, பன்றி எதற்கும் நிரந்தரத் தடை இல்லை. கத்தோலிக்கருக்குக் குறிப்பிட்ட நாட்களில் இறைச்சி விலக்கு உண்டு. அது தனிக் கதை, கீழே வருகிறது.

விதிவிலக்குகள் உண்டு. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் என்ற புத்தகத்தில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது; ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் என்ற சபையார் அதை இன்றைக்கும் கடைப்பிடிக்கிறார்கள். பன்றி, இறால், நண்டு தொடமாட்டார்கள்; பலர் முழுச் சைவம். அவர்களுடைய தெற்காசியத் தலைமையகம் நமக்குப் பக்கத்தில் ஓசூரில்தான் இருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையிலும் பன்றிக்கறி கிடையாது. நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பலவற்றில் ரத்தம் சமைக்கமாட்டார்கள். அவரவர் காரணம் அவரவருக்கு.

அப்படியென்றால் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிற பட்டியல் எதற்கு?

முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம். பலர் வாசிக்காமலே பேசுகிறார்கள். நிலத்து மிருகம் என்றால் விரிகுளம்பும் இருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். ஆடு, மாடு, மான் தேறும். பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசை போடாது, தேறாது. முயலும் ஒட்டகமும் தேறாது. தண்ணீரில் வாழ்வதற்குச் செதிலும் சிறகும் வேண்டும். மேட்டூர் அணையிலிருந்து வருகிற கட்லாவும் ஜிலேபியும் ஆகும்; கெளுத்தியும் விலாங்கும் நண்டும் ஆகாது. பறவைகளில் கழுகு, பருந்து, ஆந்தை, காகம் போன்றவை விலக்கு. பூச்சிகளில் தத்திப் போகிற வெட்டுக்கிளிக்கு மட்டும் அனுமதி. மழை பெய்த மறுநாள் மலையில் நாங்கள் ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்போமே, அது மோசேயின் சட்டப்படி ஆகாது. வெட்டுக்கிளி வறுத்திருந்தால் தப்பித்திருப்போம்.

ஏன் இப்படி என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம்: “அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது, பன்றிக்கறியில் புழு இருக்கும், அதனால் கடவுள் வேண்டாமென்றார்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. ஒட்டகக் கறி சாப்பிட்டு எத்தனையோ தலைமுறை நன்றாக வாழ்ந்திருக்கிறது. உடம்புக்கு ஆகாது என்பதுதான் காரணமென்றால், இயேசுவின் சீஷர் பேதுரு காலத்தில் தடை தளர்ந்தபோது (அந்தக் கதை கீழே வருகிறது) மட்டும் யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது?

வேதம் தானே ஒரு காரணம் சொல்கிறது. அதே அதிகாரத்தின் கடைசியில், “நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருப்பீர்களாக” என்று வருகிறது. 20-ஆம் அதிகாரத்தில் இன்னும் வெளிப்படை: உங்களை மற்ற ஜனங்களிடமிருந்து பிரித்தெடுத்தேன், அதனால் நீங்களும் சுத்தமான மிருகத்துக்கும் அசுத்தமான மிருகத்துக்கும் வித்தியாசம் பண்ணுங்கள். எகிப்தில் அடிமையாய் இருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு, நீ யார் என்பதைத் தினமும் அடுப்படியில் நினைவுபடுத்துகிற சட்டம் அது. வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசுத்தம் என்றால் சுத்தம்தானே?

இந்த இடத்தில்தான் நம் தமிழே நம்மைக் கொஞ்சம் வழுக்கிவிடுகிறது. “பரிசுத்தம்” என்ற சொல்லுக்குள் “சுத்தம்” உட்கார்ந்திருக்கிறது. சுத்தம் என்றதும் நமக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது? குளித்துவிட்டு வருவது, கவிச்சி படாத பாத்திரம், “சுத்த சைவம்” என்று எழுதின ஓட்டல் பலகை, மடி, ஆசாரம். இந்த மூட்டை முழுவதையும் தூக்கிக்கொண்டுதான் நாம் பைபிளைத் திறக்கிறோம். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் “தூய”, “புனித” என்று வருகிறது. அங்கேயும் அதே மூட்டைதான், துணி வேறு.

எபிரெயத்தில் அந்தச் சொல் “கதோஷ்”. வேறாக எடுத்து வைக்கப்பட்டது என்பது அதன் அடிப்படைப் பொருள். விதை நெல்லைத் தனியாக எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. அது மற்ற நெல்லைவிடச் சுத்தமானது என்று யாரும் சொல்லமாட்டோம். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அதனால் தனியாக இருக்கிறது.

அந்த வேலை என்ன என்று தெரிய 11-ஆம் அதிகாரத்தோடு நிற்காமல் 19-க்குப் போக வேண்டும். அதுவும் “பரிசுத்தராயிருங்கள்” என்றுதான் தொடங்குகிறது. தொடர்ந்து வருபவை: வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விடு. கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை உன்னிடத்தில் வைத்திருக்காதே. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே. அந்நியனை உன் ஊரானைப்போலவே நடத்து. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்று இயேசு எடுத்துச் சொன்னாரே, அந்த வசனமும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

தராசு என்றதும் எனக்கு ஒரு படம் வந்து நிற்கும். பழம் பறிக்கிற பருவத்தில் சாயங்காலம் அத்தை முதுகில் சாக்கோடு எடை போடுகிற இடத்துக்கு வருவார். பனியிலும் மழையிலும் சாக்கு நனைந்திருக்கும். எடை போடுகிறவர் முள் நிற்பதற்கு முன்பே கையை எடுத்துவிட்டு, “ஈரச் சாக்குக்குக் கழிவு” என்று ஒரு எண்ணைக் குறைத்து நோட்டில் எழுதுவார். சாக்கின் ஈரம் எவ்வளவு என்று எந்தத் தராசிலும் போட்டதில்லை. அவர் மனதில் தோன்றினதுதான் கழிவு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் அவரும் எங்களோடு உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பார். பன்றிக்கறி அவர் வீட்டு வாசலைத் தாண்டாது. அதைப் பெருமையாகவும் சொல்வார். லேவியராகமத்தில் 11-க்கும் 19-க்கும் நடுவில் ஏழு அதிகாரம்தான். பாவம், அங்கே வரைக்கும் அவர் வாசித்ததில்லை போலிருக்கிறது.

இயேசு உணவுச் சட்டத்தை மாற்றினாரா?

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் அந்தப் பேச்சு ஆரம்பிப்பதே கை கழுவுகிற விஷயத்தில்தான். சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்டார்கள் என்று, சட்டத்தைக் கறாராகப் பார்க்கிற யூதப் பிரிவினரான பரிசேயர்கள் குற்றம் சொல்கிறார்கள். அது கிருமிக்காகக் கழுவுவது அல்ல. முன்னோர் பாரம்பரியச் சடங்கு. கொரோனா காலத்தில் ஒருவர் இந்த வசனத்தைக் காட்டி என்னிடம் சோப்பு வேண்டாம் என்றார். தயவுசெய்து சோப்புப் போடுங்கள்.

இயேசு சொன்னது இவ்வளவுதான்: வெளியிலிருந்து உள்ளே போவது வயிற்றுக்குப் போகிறது, வெளியே போய்விடுகிறது. உள்ளேயிருந்து வருகிற பொல்லாத சிந்தனை, களவு, கொலை, பொருளாசை, பெருமை, இவைதான் மனுஷனைத் தீட்டுப்படுத்தும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு வரி வயிற்றுக் கழிவைப் பற்றியே பேசி முடிந்துவிடுவதுபோல் இருக்கும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில், இதன் மூலம் எல்லா உணவும் தூய்மையானவை என்று அவர் சொல்லிவிட்டார் என்ற பொருள் நேராகவே வரும். கையெழுத்துப் பிரதிகளில் ஓர் எழுத்து வித்தியாசம்தான் இதற்குக் காரணம்.

“தீட்டு” என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மொழிபெயர்த்தவர்கள் வேறெங்கும் தேடவில்லை, நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். மாதவிடாய்க்கு, சாவுக்கு, சாதிக்கு நாம் சொல்கிற அதே சொல். அதனால் இந்த வசனம் வேறெந்த மொழியையும்விடத் தமிழில் கூடக் கொஞ்சம் சுடும்.

பேதுரு கண்ட தரிசனம் சாப்பாட்டைப் பற்றியதா, மனிதர்களைப் பற்றியதா?

இரண்டும்தான். ஆனால் பேதுருவே அதற்கு என்ன அர்த்தம் சொன்னார் என்று பார்க்க வேண்டும்.

அப்போஸ்தலர் 10. யோப்பா பட்டணம், நடுப்பகல், மொட்டை மாடி, நல்ல பசி. கீழே சமையல் நடந்துகொண்டிருக்கிறது. வானத்திலிருந்து ஒரு பெரிய துப்பட்டி இறங்குகிறது, அதற்குள் எல்லா வகை மிருகமும் ஊர்வனவும் பறவையும். அடித்துப் புசி என்று சத்தம். இவர், “அப்படியல்ல ஆண்டவரே” என்கிறார். “தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே” என்று பதில் வருகிறது. மூன்று தடவை இப்படி. அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் வந்து நிற்கிறது: ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அனுப்பின மூன்று பேர்.

மறுநாள் புறப்பட்டு, அதற்கடுத்த நாள் அந்த அந்நியன் வீட்டுக்குள் நுழைந்து பேதுரு சொல்வது, எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்றும் அசுத்தன் என்றும் சொல்லக்கூடாது என்று தேவன் எனக்குக் காண்பித்தார் என்பதுதான். துப்பட்டியில் இருந்தது மிருகம். அவர் புரிந்துகொண்டது மனுஷன். பன்றியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று, பிரசங்கங்களில் யாரும் அதிகம் சொல்லாதது. பேதுரு அப்போது தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். செத்த மாட்டுத் தோல், நாற்றம், ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கடலோரத்தில் வீடு. அந்தத் தொழில் செய்கிறவர்களை நம் ஊரில் எங்கே குடிவைத்தோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டு மாடியில் வைத்துத்தான் இந்தப் பாடம் நடந்தது.

பாடம் கற்றவர் அப்புறமும் சறுக்கினார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாத விசுவாசிகளோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் பந்தியைவிட்டு மெல்ல எழுந்துவிட்டார். அப்போஸ்தலர் பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். கலாத்தியர் 2-இல் இருக்கிறது. ஆதித் திருச்சபையின் பெரிய சண்டைகளில் ஒன்று, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் வந்தது.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா தோட்டத்து ஆரஞ்சு ஒரு கூடை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு வீட்டுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. கிறிஸ்தவ வீடுதான். கூடத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி போனது. எங்களுக்கு ஜன்னல் திட்டில் இருந்த இரண்டு கண்ணாடி கிளாஸில் வந்தது. குடித்து முடித்ததும் அந்த அம்மா கோபமே இல்லாமல், சிரித்த முகத்தோடு, “துவைக்கிற கல்லுகிட்ட கழுவிக் கவுத்துட்டுப் போங்க” என்றார். அப்பா இரண்டையும் கழுவினார். என் கிளாஸின் அடியில் ஒரு காபிக் கறை போகாமல் இருந்தது. விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்தக் கறைதான் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

திருச்சபை இதைப் பார்க்காமலும் இல்லை. 1833-இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். 1850-இல் சென்னையில் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் கூடி, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் மனமுவந்து சேர்ந்து சாப்பிடுகிறவரைத்தான் சாதியை விட்டவராக எண்ண வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இதற்கென்றே அன்பின் விருந்து என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலர் சாப்பிட்டார்கள். பலர் எழுந்து வேறு சபைக்குப் போய்விட்டார்கள்.

ரத்தப் பொரியல் சாப்பிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்துக் கிறிஸ்தவரிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. கறிக்கடைக்காரத் தம்பி முக்கால் கிலோ கறியை நிறுத்துவிட்டு, “ரத்தம் போடட்டுங்களா அக்கா?” என்பார். பக்கத்தில் அலுமினிய டபராவில் உப்புப் போட்டு உறையவைத்த ஆட்டு ரத்தம், கருஞ்சிவப்பில், அல்வா மாதிரி ஆடும். வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கடைசியில் தேங்காய்ப்பூ. என் வீட்டுக்காரருக்கு இது இருந்தால் குழம்பே வேண்டாம்.

வேதத்தில் இதற்கு எதிராக இருப்பது சாதாரணமான வசனம் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு நோவாவுக்கு இறைச்சியை அனுமதித்தபோதே ரத்தத்தை விலக்கியாயிற்று, ஆதியாகமம் 9. மாம்சத்தின் உயிர் ரத்தத்தில் இருக்கிறது என்று லேவியராகமம் 17 காரணமும் சொல்கிறது. புதிய ஏற்பாட்டிலும் அப்போஸ்தலர் 15-இல், எருசலேமில் கூடின ஆலோசனைச் சங்கம் புறஜாதி விசுவாசிகளிடம் நான்கைத்தான் கேட்டது: விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அதில் நியாயம் இருக்கிறது.

மற்றவர்கள் சொல்வது வேறு. அந்த நான்கும் யூத விசுவாசியும் கிரேக்க விசுவாசியும் ஒரே பந்தியில் உட்காருவதற்காகச் செய்த ஏற்பாடு. “நீ விருத்தசேதனம் பண்ண வேண்டாம், பன்றியை விட வேண்டாம், உன் பக்கத்தில் உட்காருகிற யூதனுக்குக் குமட்டாதபடி இதை மட்டும் தவிர்த்துக்கொள்.” இப்படி வாசித்தால் ரத்தம் நிரந்தரத் தடை ஆகாது. மேற்கத்தியத் திருச்சபை நாளடைவில் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. என் தீர்ப்பு கேட்டால்: நான் சமைக்கிறேன். என் சின்ன நாத்தனார் வீட்டில் அது ஆகாது. அவள் வருகிற ஞாயிறு நான் ரத்தம் வாங்குவதில்லை, சட்டியையும் எடுத்து வைத்துவிடுவேன். எருசலேம் சங்கம் கேட்டதும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம் பக்கத்து வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் கூழ் கொடுத்தால்?

கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலமே மஞ்சளாகிவிடும். அந்தச் சமயத்தில் கூழ் ஊற்றாத தெரு ஏது? மலையிலும் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா என்றால் கூட வேலை செய்கிறவர்கள் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆயுதபூஜைக்குப் பட்டறைப் பொரி வேறு.

கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களுக்கும் அச்சாக இதே பிரச்சினை. அங்கே கோயிலில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கும் வந்துவிடும். பவுல் மூன்று விதமாகப் பிரித்துச் சொல்கிறார். கோயில் பந்தியில் போய் வழிபாடாக உட்காராதே. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. யாராவது வீட்டுக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. ஒருவர் இது படைத்தது என்று குறிப்பாகச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடு. 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஹலால் கறிக்கடை பற்றிக் கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். சந்தையில் விற்பதை விசாரிக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் நான் என்ன செய்கிறேன் என்றால், சொம்பை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். என்னைப் பொறுத்தவரை அது பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சின கேழ்வரகுக் கூழ். கிறிஸ்துமஸுக்கு நான் கொடுக்கிற அதிரசத்தை அவர் பூஜை அறை பக்கம் கொண்டுபோவதில்லை, ஆனால் வாங்காமலும் இருந்ததில்லை. மாறாக, புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒரு பெண், பழைய பயம் இன்னும் விடவில்லை, அதைக் குடித்தால் ராத்திரி தூக்கம் வராது என்றாள். அவளைக் குடி என்று நான் வற்புறுத்தவில்லை. “அக்கா, எனக்கு வேண்டாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவதில் சாட்சி எதுவும் இல்லை.

சைவமாக மாறினால் பரிசுத்தம் கூடுமா?

தமிழ்நாட்டில் இது பழைய ஆசை. ராபர்ட் டி நோபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு 1606-இல் மதுரைக்கு வந்தார். மாமிசமும் மதுவும் சாப்பிடுகிற பரங்கியரைப் பார்த்து மேல்சாதியார் விலகுவதைக் கண்டு, காவி கட்டினார். கறி மீன் விட்டார்; ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சோறு, காய், பால்; சமைக்கப் பிராமணர். தத்துவபோதகர் என்று பெயர். அவர் 1623-இல் மதுரையிலிருந்து கிளம்பி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். நம் பக்கம் கிறிஸ்தவம் காலடி வைத்த கதையே ஒரு சைவச் சாப்பாட்டோடுதான் தொடங்குகிறது.

அவருடைய தமிழுக்கும் தவத்துக்கும் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு விலை இருந்தது. ஏற்கெனவே மதுரையில் எளிய மக்களோடு வேலை செய்துகொண்டிருந்த சக குருவோடு அவர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போனது. பிறகு ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்றே பண்டாரசாமிகள் என்று வேறு குருக்களை வைக்க வேண்டியதாயிற்று. அந்தியோகியாவில் பேதுரு எழுந்த அதே பந்தி.

சைவமாக இருப்பது தப்பே இல்லை. ஏதேனில் கொடுக்கப்பட்டது காயும் கனியும் தானியமும்தான். தானியேலும் நண்பர்களும் ராஜாவின் சாப்பாட்டை விட்டுப் பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீருமாக இருந்து முகம் தெளிந்தார்கள். ஆனால் ரோமர் 14-இல் பவுல் ரொம்பத் தெளிவு: சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. கொலோசெயர் 2-இல் “தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே” என்கிற கட்டளைகளுக்கு ஏன் இன்னும் உட்படுகிறீர்கள் என்றும் கேட்கிறார். தமிழில் அந்த மூன்றாவது சொல்லைப் பாருங்கள்.

உடம்புக்காக, பிராணிமேல் இரக்கத்துக்காக, செலவுக்காகச் சைவமாக இருங்கள். எதிர்வீட்டுக்காரரைவிட ஒரு படி மேலே ஏறுவதற்காக வேண்டாம்.

அப்படியென்றால் தவக்காலத்தில் மட்டும் ஏன் கறி கூடாது?

கறி கெட்டது என்பதால் விடுவதில்லை, நல்லது என்பதால்தான் விடுகிறோம். கெட்டதை விட்டால் அது தியாகம் ஆகுமா?

கத்தோலிக்கச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் உபவாசமும் இறைச்சி விலக்கும் சேர்ந்த நாட்கள். உபவாசம் என்றால் ஒரு முழுச் சாப்பாடு. 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு. இறைச்சி விலக்கு 14 வயதிலிருந்து. மீன் விலக்கில் வராது. நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் கூடாது. பாட்டி காலத்தில் இது நள்ளிரவிலிருந்து. சி.எஸ்.ஐ.யில் லெந்து நாட்களுக்குக் கட்டாயச் சட்டம் இல்லை, அவரவர் பொருத்தனை.

அம்மாயி “ஒருசந்தி”, “சுத்தபோசனம்” என்ற சொற்களைத்தான் சொல்வார். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, பரணில் கவிழ்த்துவிடுவார். ஈஸ்டர் விடியும்வரை அது இறங்காது. அந்த நாற்பது நாளில் மிச்சமான கறிக்காசை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, பெரிய வெள்ளிக்கு முன்னால் லைனில் நோயில் கிடக்கிற யாருக்காவது கொடுத்துவிடுவார். அந்த டப்பா இல்லாமல் விரதம் இருந்தால் அது பத்தியம் என்பது அவர் கணக்கு. இப்போது சிலர் லெந்துவில் கறியை விட்டுவிட்டுத் தினம் பனீர் பட்டர் மசாலா சாப்பிடுவதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

மது?

கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். வெறிகொள்வதைத்தான் வேதம் கண்டிக்கிறது. ஆனாலும் நம் சபைகள் குடியை அடியோடு வேண்டாம் என்பதற்குக் காரணம் வசனத்தைவிட வாழ்க்கைதான். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில். எங்கள் லைனில் வயதானவர்கள் அந்தக் காலத்தைப் பற்றி, சம்பளம் முழுதாக வீட்டுக்கு வந்த வருஷங்கள் என்று பேசுவார்கள். நற்கருணைக்குப் பல சி.எஸ்.ஐ. சபைகளில் புளிக்காத திராட்சைச் சாறுதான். குடியை விட்டுவிட்டு வந்த ஒருவர் அந்த ஒரு வாயில் மறுபடி விழுந்துவிடக்கூடாதே.

மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடுகிற கிறிஸ்தவர் மட்டமா?

இல்லை. லேவியராகமத்தில்கூட மாடு சுத்தமான மிருகம், பலியிடவும் பட்டது. மாட்டுக்கறியைத் தாழ்வாகப் பார்ப்பது பைபிளிலிருந்து வந்ததல்ல, எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோம். சுகாதாரத்துக்காகத்தான். தப்பா?

சுகாதாரத்துக்காக என்றால் போன வாரம் சளியோடு வந்த உங்கள் மச்சானுக்கும் தனி டம்ளர் வைத்திருக்க வேண்டும். தப்புதான். இன்றைக்கே அதைப் பொது அடுக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணக் கூச்சமாக இருக்கிறது. பண்ணாவிட்டால் சாப்பாடு பரிசுத்தமாகாதா?

1 தீமோத்தேயு 4-இல், தேவன் படைத்ததெல்லாம் நல்லது, ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொண்டால் எதுவும் தள்ளத்தக்கதல்ல, அது வசனத்தாலும் ஜெபத்தாலும் பரிசுத்தமாக்கப்படும் என்று இருக்கிறது. அதற்கு எழுந்து நிற்க வேண்டாம், கண்ணை மூட வேண்டும் என்றும் இல்லை. மனசுக்குள் நன்றி சொன்னால் போதும். தட்டுவடை செட் கையில் வந்த பிறகு நீளமாக ஜெபித்தால் சட்னியில் ஊறி நமத்துவிடும், சீக்கிரம் முடியுங்கள்.